இரண்டு ஏக்கர் கோபம்

எங்கள் ஊரில் கோபம் அசையாச் சொத்து. வீடு, நஞ்சை, கிணற்றுப் பங்கு எல்லாவற்றையும் போல அதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். விற்கலாம், வாங்கலாம், பிள்ளைகள் பேருக்கு எழுதிவைக்கலாம். அடமானம் வைக்கிற வசதியும் முன்பு இருந்தது. அடகு வந்த கோபமெல்லாம் வங்கிக்குள்ளேயே கிடந்ததில், பாஸ்புக் பதியப் போனவர்களை அங்கே இருந்தவர்கள் கடித்துக் குதறினார்கள். அதனால் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று சொல்கிறவர்களும் உண்டு.

என் அப்பா ஆறுமுகநயினாருக்கு இரண்டு ஏக்கர் சொச்சம் இருந்தது. எங்கள் தெருவிலேயே அதுதான் பெரிது. பாதி பூர்வீகம், அவருடைய அப்பா வழியில் வந்தது. மீதிப் பாதி சுயார்ஜிதம். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர் அவர். நேரத்துக்கு எடுக்காத டிரைவர்களையும், எடுத்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்துகிற ஜனங்களையும் சத்தம் போட்டுச் சத்தம் போட்டே சிறுகச் சிறுகச் சேர்த்தார். பத்திரத்தில் அதற்கு நான்கு எல்லையும் உண்டு. கிழக்கே மானம், மேற்கே பசி, வடக்கே பக்கத்து வீட்டு வேலுச்சாமியின் கோபம், தெற்கே பொதுவழி. தெற்குப் பக்கம்தான் தொல்லை. அந்த வழியாகப் போகிறவர்கள் யாரும் அவரிடம் ஒரு வார்த்தை வாங்காமல் போக முடியாது.

அம்மா பேர் பிரமு. கல்யாணமாகி வரும்போது அவளும் கொஞ்சம் கோபம் கொண்டுவந்திருக்கிறாள். பெரிய அளவில்லை, ஒரு மாட்டுத்தொழுவம் அளவுக்குத்தான் இருக்கும். அதை அப்பாவுடையதோடு சேர்த்து ஒரே பட்டாவாக்கி அவர் பேரில் போட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அதற்குப் பிறகு அம்மாவுக்காகக் கோபப்பட வேண்டியிருந்தாலும் அப்பாதான் படுவார். மளிகைக் கடையில் புழுத்த துவரம்பருப்பைக் கட்டிக் கொடுத்தால் அம்மா வீட்டுக்கு வந்து சொல்லுவாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போவார். கடைக்காரர் அப்பா தலை தெரிந்ததுமே நல்ல பருப்பை நிறுக்க ஆரம்பித்துவிடுவார்.

எழுபது தாண்டியதும் அப்பாவுக்குப் பிரஷர் ஏறிக்கொண்டே போனது. இந்த வயதில் இவ்வளவு கோபத்தை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்க்க முடியாது, பிள்ளைகள் பேருக்கு மாற்றிவிட்டு நிம்மதியாக இருங்கள் என்று டாக்டர் சொன்னார். மாத்திரை எழுதுகிற சீட்டிலேயே பத்திரம் எழுதுகிற சங்கரபாண்டியனின் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார்.

சங்கரபாண்டியன் உயில்தான் நல்லது என்றார். உயில் எழுதினால் கடைசி மூச்சு வரை கோபம் அப்பாவிடமே இருக்கும், அவருக்குப் பிறகுதான் பிள்ளைகளுக்குப் போகும். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆயுள் முழுக்க யாரையும் காக்க வைக்கக் கூடாது என்று கத்தியவர் அவர். தன் பிள்ளைகளை மட்டும் தான் சாகிற வரைக்கும் காக்க வைப்பாரா? உடனே கைமாறுகிற மாதிரி செட்டில்மென்ட் எழுதச் சொன்னார். கையை விட்டுப் போனால் போனதுதான் அண்ணாச்சி, யோசித்துக்கொள்ளுங்கள் என்று சங்கரபாண்டியன் சொல்லிப் பார்த்தார். அப்பா மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அந்தக் கோபத்தை அப்பா தன் சொந்தக் கையால் புழங்கியதில் அதுதான் கடைசி என்று நினைத்திருந்தோம்.

யாருக்கு எழுதுவது என்று பேச்சு வந்தபோது அண்ணன் கண்ணபிரான் தனக்கு வேண்டாம் என்றான். ஓசூரில் ஒரு கம்பெனியில் அவனுக்கு மேலே நாலு அதிகாரிகள். இதையும் வாங்கி வைத்துக்கொண்டு வேலையில் நீடிக்க முடியாது என்றான். தாம்பரத்தில் இருக்கிற தம்பி முத்துசுப்பு, தன் மாமனார் வீட்டிலிருந்து வந்ததே தன் வீட்டில் நிறைய இருக்கிறது என்றான். அவன் பொண்டாட்டி பக்கத்தில் நின்றதால் மெதுவாகத்தான் சொன்னான். பூர்வீகத்தில் ஆண்பிள்ளைகளுக்கு இருந்த பங்கை இரண்டு பேரும் விடுதலை எழுதிக் கொடுத்தார்கள். மிச்சம் இருந்தது நான். செண்பகவல்லி. உள்ளூரிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டு, கேஸ் ஏஜென்சியில் சிலிண்டர் பதிகிற கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறவள். அதுவரை எனக்கென்று ஒரு சென்ட் கோபம் கூடக் கிடையாது. யாராவது ஏமாற்றினால் அழுதுவிட்டுப் படுத்துக்கொள்வேன்.

பதிவன்று அப்பா கையெழுத்துப் போட்டுக் கட்டைவிரலையும் வைத்தார். அம்மாவைச் சாட்சியாக ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார். எங்கே என்று அம்மா கேட்டாள். அவர் காட்டிய இடத்தில் போட்டாள்.

அலுவலகப் படி இறங்கும்போதே எனக்குக் காது சுட்டது. வாசலில் ஆட்டோக்காரர் ஒரு தொகை கேட்டார். நான் கேட்ட கேள்வியில் அவர் வண்டியை விட்டு இறங்கி நின்றுவிட்டார். அப்பா அவர் பக்கத்தில் போய், இந்த வெயிலில் நிற்கிறீர்களே தம்பி, மோர் ஏதாவது குடித்தீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சும்மா சொல்லக் கூடாது, எனக்கு நன்றாகத்தான் இருந்தது. ஏஜென்சியில் என்னை 'ஏம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் 'மேடம்' என்றார்கள். எங்கள் வீட்டுக்காரர் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார். கழுவிய தட்டை நான் திருப்பிப் பார்க்கும்போது ஓரமாக நின்றுகொண்டிருப்பார்.

அப்பாவுக்கும் பிரஷர் இறங்கிவிட்டது. ஒருநாள் அவர் அடுப்படிக்கு வந்து, காபி கிடைக்குமா பிரமு, உனக்குச் சிரமம் இல்லையென்றால் போதும் என்று கேட்டிருக்கிறார். அம்மா பதறிப்போய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். காய்ச்சல் இல்லை. காபி கொடுத்தாள். குடித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றாராம். இதைச் சொல்லும்போது அம்மாவுக்கு வெட்கம் வந்தது. அந்த ஒரு மாதம் அவர்கள் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி இருந்தார்கள்.

ஆனால் அப்பா எல்லாவற்றுக்கும் சரி சொல்ல ஆரம்பித்தார். கோபம் கொஞ்சமாவது இல்லாமல் ஒருவரால் 'முடியாது' என்று சொல்ல முடியாது. அது எங்களுக்குத் தெரியாததில்லை. இவ்வளவு தூரம் போகும் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு வேலுச்சாமி, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினால் இந்தப் பக்கமிருந்து பதில் வராததில் தனிமையாகிப்போய், தன் கட்டிலைத் தூக்கி வந்து எங்கள் முன்னறையில் போட்டுக்கொள்ளலாமா என்றார். அப்பா சரி என்றார். கல்யாணச் சமையல்காரர் ஒருவர் தன் அண்டா குண்டாவை எல்லாம் நடையில் அடுக்கிக்கொள்ளலாமா என்றார். சரி. ஒரு பேண்டு வாத்தியக் கோஷ்டி பின்கட்டில் ஒத்திகை பார்க்கலாமா என்றது. அதற்கும் சரி. நான் சாயங்காலம் வேலை முடிந்து போய் எல்லோரையும் விரட்டிவிட்டு வருவேன். காலையில் மறுபடி கேட்டு, மறுபடி வந்துவிடுவார்கள்.

அப்படி ஒருநாள் அம்மா அண்டாவைச் சுற்றிக்கொண்டு போகத் தெரியாமல் கால் இடறி விழுந்தாள். மணிக்கட்டு பிசகிவிட்டது. விஷயம் கேட்டு அண்ணன் ஓசூரிலிருந்து அடித்துப் பிடித்து வந்தான்.

அண்ணன் கெட்டவன் இல்லை. அதுதான் சிக்கல். அம்மாவின் கட்டுப்போட்ட கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். இனிமேல் உங்களைத் தனியாக விட முடியாது என்றான். அவன் வீட்டில் ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு ஒரு அறை இருக்கிறது. தம்பி வீட்டிலும் அப்படியே. இழுத்துப் பிடித்தாலும் ஒரு அறைக்கு ஒரு கட்டில்தான். அதனால் அப்பா தன்னோடு ஓசூருக்கு, அம்மா தம்பியோடு தாம்பரத்துக்கு. தம்பியிடம் போனில் பேசிவிட்டானாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளலாம். என்னப்பா சொல்லுதிய என்று கேட்டான்.

அப்பா சரி என்றார்.

அடுப்படியில் அம்மா தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு வெடிக்கிற சத்தம் நின்றது. அவள் வெளியே வரவில்லை.

மறுநாள் நான் போனபோது அம்மா இரண்டு பைகளில் சாமான்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் வேட்டி ஒன்றில், அவளுடைய சேலை ஒன்றில். பிரஷர் மாத்திரை அந்தப் பக்கம், சர்க்கரை மாத்திரை இந்தப் பக்கம். முழங்கால் தைலம் ஒரு பாட்டில்தான் இருந்தது. படுக்கப் போகும்போது அப்பா அவளுக்கு முழங்காலில் தேய்ப்பார், அவள் அவருக்கு முதுகில் தேய்ப்பாள். கல்யாணமான வருஷத்திலிருந்து வீட்டில் ஒரு பாட்டில்தான் வாங்குவார்கள். அதை எந்தப் பையில் வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். இன்னொன்று வாங்கிக்கிடலாம்மா என்று நான் சொன்னேன். யாரு தேய்க்கதுக்கு என்று கேட்டாள்.

நான் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு ஏக்கரையும் திறந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேண்டு வாத்தியக்காரர்கள் ஊதுவதை நிறுத்திவிட்டார்கள். அண்ணன் பொறுமையாகக் கேட்டு முடித்தான். அப்பாவே சரி என்று சொல்லியாயிற்று, சொன்னவர் மாற்றிச் சொன்னால் தான் டிக்கெட்டை ரத்து செய்யத் தயார் என்றான். சட்டப்படி அவன் சொன்னது சரிதான். எங்கள் ஊரில் ஒருவருடைய சம்மதத்தை அவரேதான் திரும்ப வாங்க வேண்டும், அதுவும் சொந்தக் கோபத்தைக் கொண்டு வாங்க வேண்டும். மகளுடைய கோபம் செல்லாது.

சங்கரபாண்டியனிடம் ஓடினேன். இந்தச் சனியனை அப்பா பேருக்கே திருப்பி எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் தலையாட்டினார். கோபம் மேலேயிருந்து கீழேதான் இறங்கும், மகள் பேரில் இருப்பது தகப்பன் பேருக்கு ஏறாது என்றார். ஒரே ஒரு வழி உண்டு. எழுதி வாங்கிக்கொண்ட பிள்ளை தன்னைக் கவனிக்கவில்லை என்று பெற்றவர் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால், விசாரித்து, அது நிரூபணமானால் செட்டில்மென்ட்டை ரத்து செய்வார்கள். அதாவது அப்பா என் மேல் புகார் கொடுக்க வேண்டும்.

மனுவை நானே எழுதினேன். என் மேல் நானே குற்றம் எழுதுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. எழுத எழுத உண்மை மாதிரியே இருந்தது. அப்பாவிடம் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னேன். சரி என்று போட்டார். என் கன்னத்தைத் தட்டி, எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்றும் சொன்னார்.

விசாரணை வைத்த அன்றைக்கே சாயங்காலம் அவர்களுக்கு ரயில். அண்ணன் இரண்டு பைகளோடு கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு வந்துவிட்டான். தம்பியும் அம்மாவைக் கூட்டிப்போக வந்திருந்தான். ஆளுக்கு ஒரு பையைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றார்கள். அந்த இடத்தில் வக்கீல் வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. பெற்றவர்களும் பிள்ளைகளும் நேரடியாகத்தான் பேச வேண்டும். கோட்டாட்சியர் நடுத்தர வயதுப் பெண். அப்பாவையும் அம்மாவையும் உட்காரச் சொன்னார். என்னை நிற்கச் சொன்னார்.

மகள் கவனிப்பதில்லை என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று அவர் கேட்டார். அப்பா சரிங்கம்மா என்றார். அப்படியானால் முன்பு கவனித்தாளா என்று கேட்டார். சரிங்கம்மா என்றார். இப்போதும் நன்றாகத்தான் கவனிக்கிறாள் என்று எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார். அதுவும் சரிதாங்கம்மா என்றார் அப்பா. பக்கத்தில் இருந்த தட்டச்சர் மூன்றையும் அடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

கோட்டாட்சியர் அம்மாவைக் கேட்டார். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. அப்படி வந்தாலும் அதற்குக் கொஞ்சம் கோபம் வேண்டும். செண்பகம் விடிந்ததும் இட்லி கொண்டு வந்து தருவாள் என்றாள். அவருக்கு நகம் வெட்டிவிடுவாள், எனக்குக் காதில் சொட்டு மருந்து விடுவாள், கேஸ் தீர்ந்தால் மறுநாளே சிலிண்டர் வந்துவிடும். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல பிள்ளைக்கு நல்ல சாட்சி சொல்லிவிட்ட திருப்தி அவளுக்கு.

கோட்டாட்சியர் பேனாவை மூடினார். குறை இருப்பதாகத் தெரியவில்லை, மனுவைத் தள்ளுபடி செய்யப் போகிறேன் என்றார். அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

அப்போதுதான் எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"ஏம்மா, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ என்னையக் குத்தம் சொன்னா என்ன கொறஞ்சா போயிருவ? இவரு ஒரு ரயில்லயும் நீ ஒரு ரயில்லயும் போகப் போறிய, தெரியுதா? யப்பா, ஒமக்கும்தான்! எது கேட்டாலும் சரி, எது கேட்டாலும் சரி. மாடு கூட வேண்டாம்னா தலைய ஆட்டுமே! ஒங்க ரெண்டு பேரையும் பெத்தவங்களா வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?"

இது நினைவில் இருக்கிற பகுதி. இதற்குமேலும் நிறைய இருந்தது. மின்விசிறி நின்றுவிட்டது. வராந்தாவில் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து நான் அப்படிப் பேசியதே இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கத்தினேன். இரண்டு ஏக்கரிலும் ஒரு சென்ட் கூட மிச்சம் வைக்கவில்லை.

நான் மூச்சு வாங்க நின்றதும் கோட்டாட்சியர் பேனாவைத் திறந்தார். தட்டச்சரைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்.

"எதிர்மனுதாரர், வயது முதிர்ந்த பெற்றோரை இந்த மன்றத்திலேயே வாய்க்கு வந்தபடி பேசினார். நானே சாட்சி. வேறு நிரூபணம் தேவையில்லை. செட்டில்மென்ட் ரத்து செய்யப்படுகிறது."

தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்த மாதிரி இடுப்பு லேசாகிவிட்டது. காது குளிர்ந்தது. கெட்ட பேர் வாங்கியதில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்பும் பின்பும் கிடைத்ததில்லை.

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு எழுந்தே விட்டார்.

"யாரப் பாத்து என்ன எழுதுதிய? எம் பிள்ள எங்களப் பேசாம வேற யாரு பேசுவா? இவளப் போல ஒருத்திய இந்த ஜில்லாவுல காட்டுங்க பாப்பம்!"

கோட்டாட்சியர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபம் உரியவரிடம் பழுதில்லாமல் வந்து சேர்ந்தது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

அதோடு அவர் விடவில்லை. அம்மா கல்யாணத்தின்போது கொண்டுவந்தது இதில் கலந்திருக்கிறதே, அவர்கள் எதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள் என்று கேட்டார். தன் சொத்தை இன்னொருவர் கொடுக்கும்போது அதற்குத் தானே சாட்சியாக நிற்க முடியாது என்றார். அம்மா, அவர் காட்டின இடத்துல போட்டேன் என்றாள். அப்பா தரையைப் பார்த்தார். அம்மாவின் பங்கைத் தனியாக அளந்து அவள் பேரிலேயே விட்டுவிட உத்தரவாயிற்று.

கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக அம்மாவிடம் அவளுடைய கோபம் வந்தது. அவள் கை முழங்காலில் இருந்தது. அண்ணன் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான். அவன் மேல்தான் பாயப் போகிறாள் என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம். அவள் அப்பா பக்கம் திரும்பினாள்.

"என்னைய ஒரு வார்த்த கேக்காம நீங்க எப்படி சரின்னு சொன்னிய?"

சத்தமே இல்லை. பக்கத்தில் நின்றதால்தான் எனக்குக் கேட்டது. அப்பாவிடம் அப்போது கிட்டத்தட்ட இரண்டு ஏக்கர் இருந்தது. ஒரு மாட்டுத்தொழுவம் அளவுக்கு இருந்த அதன் முன்னால் அவர் அத்தனை பெரிய கோபத்தையும் வைத்துக்கொண்டு கைகட்டி நின்றார்.

"தப்புதான் பிரமு" என்றார்.

அம்மா அதற்குப் பிறகுதான் அண்ணனையும் தம்பியையும் பார்த்தாள். இவர விட்டுட்டு நான் எங்கயும் வரதா இல்ல, ரெண்டு டிக்கெட்டையும் ரத்து பண்ணுங்க என்றாள். அண்ணன் சரிம்மா என்றான். காலையிலேருந்து ஏதாச்சும் சாப்பிட்டியளா என்று உடனே கேட்டாள். இரண்டு பேரும் இல்லை என்றார்கள். அதற்கும் ஒரு திட்டு விழுந்தது. அண்ணனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் பையிலிருந்து தைலப் பாட்டிலை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தான். அம்மா அதை அப்பாவுடைய பையில்தான் வைத்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் முதுகு வலிக்கு முதலிடம் கொடுத்திருக்கிறாள்.

கோட்டாட்சியர் தீர்ப்பை முடித்தார். பெற்றவர்கள் இருக்கிற இடத்தில் இருப்பார்கள். பையன்கள் மாதம் ஒருவராக வந்து கவனித்துக்கொள்ள வேண்டும். அண்ணன் தனக்கு அவ்வளவு லீவு கிடைக்காது என்றான், வேண்டுமானால் தான் குடியிருக்கிற வீட்டையே அனுப்பி வைக்கிறேன் என்றான். தம்பியும் அதையே சொன்னான். வீடு வந்து பார்த்துக்கொண்டால் போதுமா என்று கோட்டாட்சியர் அம்மாவைக் கேட்டார். வரட்டும், பாவம் என்றாள் அம்மா.

வெளியே வந்ததும் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பொம்பளப் பிள்ள வெறுங்கையோட போகக் கூடாது என்று தன்னுடையதிலிருந்து இரண்டு சென்ட் பிரித்து எனக்குக் கொடுத்தார். வீட்டுக்குக் கொல்லைப்புறம் மாதிரி, அளவாக, கைக்கு அடக்கமாக இருக்கிறது. அதை வைத்துத்தான் கேஸ் ஏஜென்சியில் பிழைப்பு ஓடுகிறது. இதையும் அதை வைத்துத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் தட்டு கழுவுவதை நிறுத்தப் பார்த்தார். இரண்டு சென்ட் போதுமானதாக இருந்தது.

முதல் தேதி ஓசூர் வீடு வந்தது. சாதுவான வீடு. அப்பா வீட்டுக்கு எதிரில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றுகொண்டது. மூன்றாவது மாடி வீடு என்பதால் தரையில் நிற்க முதலில் கூச்சப்பட்டது. மாதம் முழுக்க அப்பாவை வேளைக்கு மாத்திரை போட வைத்தது, அண்டாக்களை அந்தச் சமையல்காரரிடமே திருப்பி அனுப்பியது. போகும்போது அம்மா அதன் கையில் முறுக்கு டப்பா ஒன்றைக் கொடுத்து அனுப்பினாள்.

அடுத்த மாதம் தாம்பரம் வீடு வந்த அன்று நல்ல மழை. பைபாஸ் வழியாகத் தெப்பமாக நனைந்துகொண்டு வந்து சேர்ந்தது. ஜன்னல் எல்லாம் கிடுகிடு என்று ஆடியது. கவனிக்க வந்த வீடு முதல் நாளே படுத்துவிட்டது. குடை எடுத்துக்கிட்டு வரக் கூடாதா, பெரிய வீடாயிட்டோம்னு நெனப்போ என்று திட்டிக்கொண்டே அம்மா அதன் பால்கனியைத் துண்டால் துவட்டினாள். அப்பா தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டார். மாதம் முடிந்தும் அது கிளம்பவில்லை. இருமல் இன்னும் போகவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு, அதைக் கூட்டிப்போகத் தம்பியே நேரில் வந்துவிட்டான்.

மத்தியானம் அம்மா தம்பியையும் அவன் வீட்டையும் ஒன்றாக உட்கார வைத்துச் சோறு போட்டாள். தம்பி மிளகு ரசத்தில் பிசைந்து தலை நிமிராமல் சாப்பிட்டான். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாமா என்று அப்பாவைக் கேட்டான். முதலில் சாப்பிடுல, பிறகு பேசுவோம் என்று அப்பா சத்தம் போட்டார். பக்கத்தில் தாம்பரம் வீடு தட்டை மெதுவாக முன்னால் நகர்த்தி, இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டது. அம்மா ஊற்றினாள்.